பிரஷர் இல்லாதவனுக்குப் பிரஷர் மாத்திரை

தம்பி,

உன் மாத்திரையை நிறுத்தியது தவறு. நிறுத்தச் சொன்னவர் நம் அண்ணன். நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்லாமல் விட்டவர்கள் மருந்தை எழுதியவரும் அதை எடுத்துக் கொடுத்தவரும். நீ போன பிறகு, மாத்திரைதான் உன்னைக் கொன்றது என்று அண்ணன் ஊருக்கெல்லாம் சொல்லி வருவது எல்லாவற்றிலும் பெரிய தவறு. இதை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவேன்.

இன்று காலை தென்காசி பஸ் நிலையத்தில் நின்றிருந்தேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்த கூட்டம் ஒன்று ஈரத் துண்டோடு பக்கத்தில் வந்து நின்றது. தேய்த்துக் குளித்த மசாஜ் எண்ணெயின் வாடை. மற்றவர்களுக்கு அது சீசன் வாடை. நான் சாரலில் தள்ளிப் போய் நின்றேன். போன வருஷம் ஆனியும் ஆடியும் உன் சட்டையில், தலையணையில், நீ சாய்ந்த சுவரில் இருந்த வாடை அது.

பட்டாளத்திலிருந்து நீ முழுசாகத் திரும்பி வந்தாய் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். கை இருந்தது, கால் இருந்தது, பென்ஷன் வந்தது. உனக்கு முன்னால் போன வண்டி வெடித்ததையும், அதில் இருந்த கூட்டாளிகளை நீ பொறுக்கி எடுத்ததையும் என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னாய். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு, கீரையைப் பார்த்தபடியே சொன்னாய். கட்டின மனைவி செல்விக்குக்கூட அது தெரியாது. நீ தூக்கத்தில் இந்தியில் கத்துவது மட்டும் தெரியும். "என்ன சொல்லுதாருன்னு வெளங்கல மைனி. யாரையோ ஓடச் சொல்லுதாரு" என்பாள். ஒரு கட்டத்தில் அவள் மகளோடு அடுத்த அறையில் படுக்க ஆரம்பித்தாள்.

மதுரையில் மனநல டாக்டரிடம் உன்னை இழுத்துக்கொண்டு போனது நான். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள். நீ முகாமிலிருந்து எழுதிய கடிதங்களை அடுத்தவர் படித்துச் சொல்லக் கூடாது என்பதற்காகவே எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகினேன். பிறகு கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அதனால் டாக்டரிடம் கேட்க எனக்குக் கேள்வி இருந்தது. "பிரஷர் மாத்திரையை எதுக்கு இவனுக்கு எழுதுதீங்க?" என்றேன். "பிரஷருக்கு வந்த மருந்துதாம்மா. இந்த மாதிரி கனவு வர்றவங்க சிலருக்கும் கேக்குது. கொறச்சலா ஆரம்பிச்சு மெல்ல ஏத்துவோம்" என்றார். ஏற்றினார். மூன்று மாத்திரைக்கு வந்தபோது நீ தூங்கினாய்.

கனவு அடியோடு போய்விடவில்லை. ஆனால் ஒருநாள் நீ என் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாய்: "எக்கா, நேத்து கனவுல ஒரு ஆட்டுக்குட்டி வந்துச்சு. சும்மா நின்னுச்சு. அவ்வளவுதான்." அந்த வாரமே செல்வி உன் அறைக்குத் திரும்பிவிட்டாள்.

பிறகு அந்த இலவச மருத்துவ முகாம் வந்தது. முன்னாள் ராணுவத்தார் எல்லாருக்கும் பிரஷர் பார்த்தார்கள். உனக்குச் சரியாக இருந்தது. பக்கத்தில் நின்ற அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே, ஒனக்குப் பிரஷரே இல்ல. இல்லாத சீக்குக்கு எவனாவது மாத்திரை திம்பானாலே?"

"அது கனவுக்குக் கொடுத்தது அண்ணே" என்றேன்.

"ஏட்டி, நீ என்ன டாக்டருக்கா படிச்சிருக்க? குத்தால அருவில தலயக் குடுத்தா எல்லாம் சரியாப் போவும்."

"நீ எதுக்குப் படிச்ச, அருவிக்கா?" என்றேன்.

நீ சிரித்தாய். சிரித்துவிட்டு அண்ணன் சொன்னதையே செய்தாய். மேலே இருக்கிறவர் சொன்னால் கேள்வி கேட்காத பட்டாளத்துப் பழக்கம்.

சித்தம் கலங்கியவர்களைக் குற்றாலத்துக்குக் கூட்டி வந்து ஒரு மண்டலம் அருவியில் தலை கொடுக்கச் செய்வது நம் பக்கத்து வழக்கம்தான். அதை நான் குறை சொல்லவில்லை. எண்ணெய் தேய்ப்பவர் ஒருவர், இங்கிலீஷ் மருந்தும் அருவித் தண்ணீரும் சேராது என்று சொல்ல, அண்ணன் அதையும் நம்பினார். மாத்திரை அட்டையைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவர் உன்னை அன்பாகத்தான் நடத்தினார். பாறை வழுக்கும் என்று உன் கையைப் பிடித்தே கூட்டிப் போனார். பெண்கள் பக்கத்திலிருந்து நான் பார்த்தேன். வெளியே வந்தபோது உன் முகம் தெளிந்திருந்தது. "அங்கன நின்னா வேற ஒரு சத்தமும் கேக்கலக்கா" என்றாய். "பாத்தியா?" என்று அண்ணன் என்னைப் பார்த்தார்.

அருவி பகலைப் பார்த்துக்கொண்டது. தூக்கத்தை அது பார்த்துக்கொள்ளவில்லை. கத்தல் திரும்பி வந்தது. ஒருநாள் காலையில் செல்வியின் மணிக்கட்டு வீங்கியிருந்தது. யார் பிடித்தது என்று நீயே அவளைக் கேட்டாய். அவள் உன் கையைப் பார்த்தாள். அன்றே அண்ணன் வீட்டுக்குப் போய் அட்டையை வாங்கி வந்தாய். ராத்திரி சாப்பிட்ட பின் பழைய கணக்குப்படி மூன்றையும் ஒன்றாகப் போட்டாய். படுத்து, ஒண்ணுக்குப் போக எழுந்தவன் குளியலறை வாசலிலேயே விழுந்தாய். தலை படிக்கல்லில் மோதியது.

கருமாதி முடிந்ததும் நான் மதுரைக்குப் போய் அந்த டாக்டர் முன்னால் உட்கார்ந்தேன். அவர் எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சில நாள் விட்டுப்போனாலே மறுபடி கொறச்சலாத்தான் ஆரம்பிக்கணும். நேரா பழைய அளவைப் போட்டா எந்திரிக்கும்போது பிரஷர் விழுந்துரும். இத யாரும் சொல்லலையா?"

"நீங்கதான் சொல்லியிருக்கணும்" என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார்.

அண்ணனிடமும் போய்ச் சொன்னேன். "நான் அவனக் கொல்லணும்னா கூட்டிட்டுப் போனேன்?" என்று அழுதார். அவர் அழுவதைப் பார்க்க நான் போகவில்லை. "இனிமே மாத்திரை கொன்னுச்சுன்னு சொல்லாத" என்றேன். இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

அது வெறும் பேச்சாக இருந்தால் விட்டிருப்பேன். ராயகிரியில் உன்னோடு பட்டாளத்தில் இருந்தவன் இருக்கிறானே, அவனுக்கும் அதே கனவு, அதே மாத்திரை. அவன் மனைவி போன வாரம் போன் செய்தாள். "ஒங்க பெரிய அண்ணாச்சியே சொல்லுதாருன்னு மாத்திரையத் தூக்கிப் போட்டுட்டாக. இப்ப விடிய விடிய உக்காந்தே இருக்காக" என்றாள். அவனாக மறுபடி எடுத்துப் போட்டுவிடக் கூடாது, முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். அவன் போனை வாங்கவே இல்லை.

உன் நினைவாக என்னிடம் படம் இருக்கிறது, மெடல் இருக்கிறது. நான் சுமந்து திரிவது அவற்றை அல்ல. டாக்டர் காலம் கடந்து சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை. அதை இறக்கி வைக்க இன்னும் இடம் கிடைக்கவில்லை.

ஆகவே எழுதுகிறேன். டாக்டர் மருந்தைத் தொடங்கும் அன்றே அதை விட்டுவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்ல வேண்டும், வீட்டாரையும் உட்காரவைத்து, தமிழில். மருந்து கொடுப்பவர் கவரின் மேல் 'கனவுக்கு' என்று எழுதித் தர வேண்டும். பிரஷர் சரியாக இருக்கிறது என்பதற்காக மாத்திரையே வேண்டாம் என்று எவரும் முடிவு கட்டக் கூடாது, முகாமில் பார்ப்பவரானாலும் கூடப்பிறந்தவரானாலும். எண்ணெய் தேய்ப்பவர் எண்ணெயை மட்டும் தேய்க்கட்டும். முன்னாள் ராணுவத்தார் சங்கக் கூட்டத்தில், பட்டாளத்தானுக்கும் தூங்க மாத்திரை வேணுமாக்கும் என்று கேலி பேசுகிறவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

அண்ணன் வருகிற வியாழக்கிழமை என்னோடு ராயகிரிக்கு வர வேண்டும். சொன்ன வாயாலேயே தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று அவனிடம் சொல்ல வேண்டும். வராவிட்டாலும் நான் போவேன். அங்கிருந்தே அவனை மதுரைக்கு வண்டி ஏற்றுவது என் வேலை.

செல்வியும் வருகிறாள். அந்த மாத்திரையைப் போட்டு வந்த மாதங்களில் நீயும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் படுத்து விடியும்வரை தூங்கினீர்கள் என்பதை அவன் மனைவியிடம் சொல்ல வேண்டியது அவள்தான்.