பதவிக்குப் பதில் ஒரு குடை

பரணை ஒதுக்கும்போது அந்தக் கறுப்புக் குடை கையில் அகப்பட்டது. விரித்தால் ஒரே மக்கிய வாடை. புதுக்கோட்டையில் நம் பஸ் கம்பெனி கொடுத்த குடையேதான். உனக்கும் ஒன்று கொடுத்தார்கள்.

என்ன கம்பெனி அது! பத்து மணிக்குக் காபி, வெள்ளிக்கிழமை பஸ்களுக்குப் பூஜை போட்டதும் கேசரி, தீபாவளிக்கு வேட்டி, எந்த பஸ்ஸிலும் ஏறி உட்கார இலவச பாஸ். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில்கூட என் அம்மா அந்தப் பாஸைத்தான் பெருமையாகச் சொன்னாள். மேலே போகத்தான் வழி கிடையாது. சீனியர் கிளார்க் நாற்காலி காலியானால் முதலாளி வீட்டு உறவு ஒருத்தர் வந்து உட்காருவார். ஜூனியர்களான நமக்கு அந்த வருஷம் ஏதாவது ஒரு சாமான் கிடைக்கும். ஒரு தடவை டிபன் கேரியர், ஒரு தடவை குடை. இன்னும் ரெண்டு பேர் ரிட்டையரானால் ஒரு குடித்தனமே வைத்துவிடலாம் என்பாய். சிரிப்பேன், வயிறும் எரியும்.

சர்வீஸ் கமிஷன் பரீட்சைக்கு என்னைப் பிடித்துத் தள்ளியவன் நீ. விண்ணப்பப் பாரமும் நீயே வாங்கி வந்தாய். நீ ஏன் எழுதவில்லை என்று கேட்டேன்.

"அடுத்த நாற்காலி எனக்குத்தான். மானேஜரே சொல்லிட்டாரு. நீ போ."

எட்டு வருஷ சர்வீஸ்காரன் சொன்னால் நம்பாமல் என்ன செய்வேன்?

பரீட்சை திருச்சியில். காய்ச்சல் என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, நான் பாட்டுக்கு நம் கம்பெனி பஸ்ஸிலேயே ஏறிக் கண்டக்டரிடம் பாஸை நீட்டினேன். டிக்கெட் வாங்கிப் பழகியிருந்தால்தானே! கீரனூர் தாண்டிய பிறகுதான் உறைத்தது. பாஸ் நம்பர் டிரிப் ஷீட்டில் ஏறும். ஷீட் மறுநாள் உன் மேஜைக்கு வரும். யார் யார் பாஸில் போனார்கள் என்று நீ பட்டியல் எழுதி மானேஜரிடம் வைக்க வேண்டும். வேலை போனால் அம்மாவுக்கும் எனக்கும் சோறில்லை. அந்த நினைப்போடேதான் பரீட்சை எழுதினேன்.

நீ என் நம்பரை விட்டுவிட்டாய். கண்டக்டர் யதார்த்தமாக மானேஜரிடம் என்னைப் பார்த்ததைச் சொல்லப்போக, மாட்டிக்கொண்டாய். டாக்டரைப் பார்க்கத்தான் நான் திருச்சி போனேன், பட்டியலில் விட்டது உன் தப்பு என்று சாதித்தாய். நான் தப்பித்தேன். எல்லார் முன்னாலும் திட்டு வாங்கியது நீ. அடுத்த மாதம் முதலாளியின் அக்கா மகன் சீனியர் கிளார்க்காக வந்து உட்கார்ந்தான். என்னால்தான் உன் நாற்காலி போயிற்று என்று குன்றிப்போனேன். ஆலங்குடி தாலுகா ஆபீஸில் எனக்கு உத்தரவு வந்தபோது, உன் முகத்தைப் பார்க்கக் கூசி, சரியாகச் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பினேன்.

பத்து வருஷம் அது என்னை அரித்தது. உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த அன்று உன் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"நீங்க பரீட்சைக்குப் போறதுக்கு முன்னாடியே முதலாளி அக்கா மகனுக்கு ஆர்டர் போட்டாச்சே தம்பி. அவுகதான டைப் அடிச்சாக. அன்னைக்குச் சாயந்தரமே ஒங்களுக்குப் பாரம் வாங்கியாந்தாக. அவுகளுக்குத்தான் பரீட்சைக்கு வயசு தாண்டிப்போச்சுல்ல."

அடப்பாவி! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ஆலங்குடி பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். ஆனால் எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு மூச்சு தாராளமாக வந்தது.

போன மாதம் என்னை ஹெட் கிளார்க் ஆக்கினார்கள். முன்பெல்லாம் ஒரு இன்கிரிமென்ட் வந்தால்கூட, உனக்குச் சேர வேண்டியதோ என்று உறுத்தும். இந்தத் தடவை வீட்டில் பாயசம் வைக்கச் சொல்லி, இரண்டு தம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.