பன்றி முடி பிரஷ்

வியாழக்கிழமை, ராத்திரி

ஒரு பிரஷ் வாங்கப் போய் மனசே சரியில்லை.

ஜிம்மில் நாங்கள் ஏறிப் பழகும் க்ளைம்பிங் சுவரில் இருக்கிற பிடிகளில் வியர்வையும், கையில் பூசிக்கொள்ளும் சாக் பவுடரும் படிந்தால் கை வழுக்கும். ஒவ்வொரு தடவையும் ஏறுவதற்கு முன்னால் தேய்த்தாக வேண்டும். இத்தனை நாள் எனக்கும் சேர்த்து, கூட ஏறுகிற நண்பன் பிரபுதான் தேய்ப்பான். கீமோ ஆரம்பித்ததிலிருந்து அவன் வருவதில்லை. இன்றைக்கு தி.நகரில் நாலு கடை ஏறி இறங்கி நானே ஒன்று வாங்கினேன். சரியானதுதானா என்று கேட்க அப்படியே அடையாறில் அவன் வீட்டுக்குப் போனேன்.

தொப்பியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். பிரஷைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"எங்க கம்பி பிரஷ் வாங்கிட்டு வந்துடுவியோன்னு பயந்தேன் மச்சி. அதுல தேச்சா பிடியோட சொரசொரப்பே போயிடும். இது இன்னா, பன்னி முடியா?"

"ஆமாண்டா."

"அப்ப ஓகே. ஆனா இழுத்துப் பாக்கணும். கொட்டுச்சுன்னா வேஸ்ட்."

ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தான். ஒன்றும் வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தான்.

"ஒண்ணுகூட கொட்டல பாரு."

சொன்ன கையோடு அவன் கை தொப்பிக்குப் போனது. பாதியிலேயே நின்றது. நான் எழுந்து, ஓடிக்கொண்டிருந்த ஃபேனின் வேகத்தைக் கூட்டி வைத்தேன். பிரஷைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்து நானும் இழுத்துப் பார்த்தேன். ஒரு முடி கையோடு வந்துவிட்டது. குப்பையில் போட மனசு வரவில்லை. மேஜை மேல்தான் இருக்கிறது.