கொடும்பாவியும் என் நாலு வரியும்

3-8-53, திங்கள்

மழை இல்லை. காற்று மட்டும் ஜில்லென்று. நேற்று ஆடிப்பெருக்கு, கும்பகோணத்தில் அம்மா காவிரிக்குப் போயிருப்பாள். இங்கே ஓசூரில், வீட்டுக் கிணற்றில் வாளி கல்லில் இடிக்கும் சத்தம்.

செருப்பு வார் அறுந்தது. தைக்கக் கொடுக்கணும். காபிப் பொடி தீர்ந்தது.

தலைமை ஆசிரியர் (இனி த.ஆ.) கூப்பிட்டனுப்பினார். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் எட்டாம் வகுப்பைப் பாட்டுச் சொல்லி நடிக்க வைக்கிறேனே, அது அவருக்கு உறுத்தல். பதினைந்தாம் தேதி கொடியேற்றத்துக்கு இன்ஸ்பெக்டர் வருகிறாராம். "மேடையில ஒரு பாட்டு சொல்லட்டும். நல்லா இருந்தா பாப்போம். பசங்க பல்ல இளிச்சா அந்தப் பீரியட் கணக்குக்குப் போயிடும்மா."

சரி என்றேன். அந்த ஒரு மணி நேரத்தை நம்பித்தான் வாரம் முழுக்க இலக்கணம் நடத்துகிறேன். அதுவும் போனால் நான் எதற்கு இவ்வளவு தூரம் வந்தேன்?

எந்தப் பாட்டு? நான் எழுதி வைத்திருக்கும் நாலு வரியையே கொடுத்தால் என்ன? யார் எழுதியது என்று கேட்டால், ஏதோ பழைய பத்திரிகையில் பார்த்தது என்று சொல்லிவிடலாம்.

7-8-53, வெள்ளி

வெயில். கரும்பலகையில் எழுதினேன்:

கிணற்றைக் கேட்டேன், கல்லைக் காட்டிற்று.
வானைக் கேட்டேன், வெயிலைக் காட்டிற்று.
ஊரைக் கேட்டேன், கதவைச் சாத்திற்று.
குடத்தைக் கேட்டேன், என் குரலே திரும்பிற்று.

குரல் தழுதழுக்கப் படித்தேன். வகுப்பே சிரித்தது. மூன்றாவது பெஞ்சு முனிராஜு எழுந்து, மாரில் அடித்துக்கொண்டு, "அய்யோ... கல்ல காட்டுச்சே!" என்று ஒப்பாரி. மற்றவர்களும் மாரில் அடித்துக்கொள்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தில் சாக்குக்கட்டி இரண்டாக உடைந்தது. என் பாட்டு!

அப்புறம்தான் கேட்கத் தோன்றியது. ஏண்டா இப்படி?

"கொடும்பாவி டீச்சர்! மழ வரலன்னா வைக்கோல்ல பொம்ம கட்டி தெருத்தெருவா இழுத்துக்கினு போவாங்க. பாவி செத்துட்டான்னு எல்லாரும் அழுவோம். நெசமா இல்ல, சிரிச்சிக்கினே."

எங்கள் பக்கம் கேள்விப்பட்டதோடு சரி. ஆறு ஓடும் ஊர்.

ஆக, கேலி இல்லை. மழை இல்லை என்றால் இவர்கள் இப்படித்தான் அழுவார்கள். கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

மணி அடித்ததும் ஜெயம்மா வந்தாள். முதல் பெஞ்சு, வீட்டில் தெலுங்கு. இன்று சிரிக்காத ஒரே பெண்.

"மூணாவது வரி சரியில்ல டீச்சர்."

"ஏன்?"

"தண்ணி இல்லன்னா எங்க ஊர்ல கதவ சாத்தமாட்டாங்க. எல்லாரும் வெளிய வந்துருவாங்க. கூட அழுவுறதுக்கு." கொஞ்சம் யோசித்து, "இத எழுதுனவங்களுக்கு எந்த ஊரு?"

"கும்பகோணம் பக்கம்னு நினைக்கிறேன்."

"அதான்" என்று போய்விட்டாள். நான்கில் எனக்குப் பிடித்ததே அந்த வரிதான்.

10-8-53, திங்கள்

மதியம், சாப்பாட்டு நேரத்தில் ஒத்திகை. களி தின்ற கையைக் கழுவத் தண்ணீர் இல்லாமல் சட்டையில் துடைக்கிறான் முனிராஜு.

மூன்றாவது வரியை மாற்றிவிட்டேன். "ஊரைக் கேட்டேன், கூட வந்து அழுதது." மாற்றும்போது வலித்தது, பொய் சொல்வானேன். ஆனால் சொல்லிப் பார்த்தால் இதுதான் நிற்கிறது.

கேள்வி: ஒப்பாரியை எங்கே நிறுத்துவது? முனிராஜுவுக்கு நாலு வரியும் வேண்டும். ஜெயம்மா விடவில்லை.

"பொம்மைக்கு பொய்யா அழுவலாம். வெறுங்குடத்துக்கு எப்டிடா பொய்யா அழுவ? அத சும்மா சொல்லணும்."

"நீயே சொல்லு பாக்கலாம்" என்றான் முனிராஜு.

நாலாவது வரியைச் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை, தாழ்த்தவில்லை, பக்கத்து வீட்டில் யாரும் இல்லை என்று சொல்வதுபோல. எழுதியவள் நான், இன்றைக்குத்தான் அதைக் கேட்டேன்.

14-8-53, வெள்ளி

மேகம் வந்தது, போயிற்று. த.ஆ. ஒத்திகை பார்த்தார். முகம் போன போக்கு!

"கொடி ஏத்துற அன்னிக்கு ஒப்பாரியாம்மா? சிரிப்பு வேணாம்னு சொன்னா அழுகையக் கொண்டாறீங்க?"

"மழைக்காக சார். இந்த ஊர் வழக்கம்."

"உங்க பாடு. பீரியட் போனா என்னைக் கேக்காதீங்க."

வேறு பாட்டுக்கு மாறிவிடலாமா? மாலைவரை யோசனை. பசங்களிடம் போய் எப்படிச் சொல்வேன்? மாட்டேன். நாளைக்கு நீலப் புடவை. செருப்பு இன்னும் தைக்கவில்லை.

15-8-53, சனி

கொடி, மிட்டாய், பேச்சு, பேச்சு, பேச்சு. பின்னால் ஊர் ஜனம் தரையில். பிறகு நாங்கள்.

முனிராஜு மாரில் அடித்ததுமே பின்னால் சிரிப்பு. த.ஆ. என்னைத் திரும்பிப் பார்த்தார். செத்தேன் என்று நினைத்தேன். "கூட வந்து அழுதது" என்றான் பாருங்கள், பெண்கள் பக்கமிருந்து ஒருத்தி "அய்யய்யோ!" என்று எடுத்தாள். அவ்வளவுதான், ஊரே எடுத்தது. ஆண்களும் மாரில் அடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இன்ஸ்பெக்டர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஜெயம்மா காத்திருந்தாள். சத்தம் தானாக அடங்கியது. குடத்தைக் கவிழ்த்துக் காட்டி, சும்மா சொன்னாள்.

அழுகையை எடுத்துக் கொடுத்த அந்த அம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அது பொய்யழுகை இல்லை.

இன்ஸ்பெக்டர் கேட்டார்: "யார் பாட்டு?"

நான் வாயைத் திறந்தேன். "எங்க கிளாஸ் பாட்டு சார்" என்றாள் ஜெயம்மா. மூடிக்கொண்டேன்.

"இதெல்லாம் எப்போ சொல்லித் தர்றீங்க?"

"வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் சார்," த.ஆ. முந்திக்கொண்டார். "நான்தான் தனியா ஒதுக்கிக் கொடுத்திருக்கேன்."

இனி எப்படிக் கணக்குக்குக் கொடுப்பார்? வீடு வரும்வரை தனியாகச் சிரித்தேன். அறுந்த செருப்பு கையில்.

19-8-53, புதன்

மழை இல்லை. சாயங்காலம் தெருவில் தப்பு மேளச் சத்தம். கொடும்பாவி! முதன்முறையாகப் பார்க்கிறேன். வைக்கோல் கால்கள் புழுதியில் இழுபட, பின்னால் பாதி ஊர். காது கொடுத்தால், "ஊர கேட்டேன், கூட வந்து அழுதுச்சே!"

கயிறு பிடித்தவரை ஓடிப்போய் நிறுத்தினேன். நரைத்த மீசைக்காரர். இது யார் பாட்டு என்றேன்.

"வெளியூரா டீச்சரம்மா? இது எங்க பாட்டன் காலத்துப் பாட்டு. தள்ளி நில்லுங்க. இல்ல, கூட வந்து அழுவுங்க."

கூடப் போனேன்.