நாலாவதாக யார் இறங்குவது, அண்ணே?

ஊரில் ஒருவரையும் நம்பாத என் சேவி அண்ணனுக்கு, இப்போது உன்னையும் நம்பாத தங்கச்சி எழுதுகிறேன்.

கோபித்துக்கொள்ளாதே. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று படித்து முடிக்கும்போது உனக்கே தெரிந்துவிடும். உன் முதலாம் ஆண்டு நினைவுக்கு ஃப்ளெக்ஸ் வைக்கிறோம், நாலு வரி கவிதை கொடுங்கக்கா என்று நம்ம கிரிக்கெட் டீம் பையன்கள் வந்து நின்றார்கள். யாருக்கோ எழுதிய கவிதையில் உன் பெயரைச் செருகிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. எனக்கு உன்னிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. ஊரே படிக்கட்டும் என்றுதான் கடிதமாக எழுதிக் கொடுக்கிறேன்.

முதலில் வீட்டு விசேஷம். உன் மாப்பிள்ளை சௌக்கியம், என் சமையலைக் குறை சொல்வது மட்டும் குறையவில்லை. நாகல் நகர் கடையில் தையல் மெஷின் இன்னொன்று போட்டிருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு நீ இல்லாமல் குடில் வைத்தோம்; மாட்டையும் ஒட்டகத்தையும் எங்கே நிறுத்துவது என்று சண்டை போட ஆளில்லாமல் சீக்கிரமே முடிந்துவிட்டது.

பெரிய செய்தி இதுதான். உன் பெயரில் நினைவுக் கோப்பை நடத்தினார்கள் அண்ணே. நம்ம குளத்துக்குள்தான். தண்ணீர் வற்றியதும் முள்ளை வெட்டி, பிட்ச் போட்டு, மைக் கட்டி, அம்புட்டு அமர்க்களம். கோப்பையில் உன் முகத்தை ஒட்டியிருந்தார்கள். சித்தப்பா மகள் கல்யாணத்தில் எடுத்த படம். பக்கத்தில் நின்றவரின் தோள்பட்டை இன்னும் உன் காதோரம் தெரிகிறது. அதைப் பார்த்த அன்றே முடிவு செய்துவிட்டேன். இந்தக் கோப்பையை நம்ம டீம்தான் ஜெயிக்க வேண்டும், அது நம் வீட்டில் மாதா படத்துக்குக் கீழே இருக்க வேண்டும். வேறு ஊர் டீக்கடை அலமாரியில் உன் முகத்தில் தூசி படிய விடமாட்டேன் என்று சபதம் போட்டுக்கொண்டேன்.

அதனால்தான் பிறந்தது முதல் குளத்துப் பக்கம் போகாத நான் மேட்ச் பார்க்கப் போனேன். குடையும் தண்ணீர் பாட்டிலுமாக நான் வந்து உட்கார்ந்ததும் பையன்கள் கெட்ட வார்த்தை பேசுவதை நிறுத்திவிட்டார்கள். இந்த அம்மாவுக்கு என்ன புரியும் என்று நினைத்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து கறிக்குழம்பு சாப்பிடும்போதெல்லாம் நீ என் தலையில் ஏற்றியது கொஞ்சமா என்ன? தட்டுதான் மைதானம், அப்பளத் துண்டுகள்தான் ஃபீல்டர்கள், தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனக் கிண்ணம்தான் குளத்தின் கிழக்குக் கரை. "ரெண்டு விக்கெட் விழுந்தப்புறம் எறங்குறான் பாரு, நாலாம் நம்பரு, அவந்தான் டீமு. மத்தவனெல்லாம் அவனுக்குத் தொணைக்கு நிக்கிறவன்," என்பாய். நீயே நாலாம் நம்பர் என்பதால் அது உனக்கு ரொம்பப் பிடித்த பாடம்.

முதல் மேட்ச் குஜிலியம்பாறை டீமோடு. உனக்குப் பிறகு நம்ம காதர் அண்ணன்தான் கேப்டன். சின்ன வயதிலிருந்து உன்னோடு சுற்றியவர், நம்ம வீட்டில் குழம்பு ஊற்றித் தின்றவர். இருந்தாலும் அவர்மேல் ஒரு கண் வைத்திருந்தேன். இரண்டு விக்கெட் விழுந்தது. நாலாவதாக இறங்கியது யார் தெரியுமா? பாண்டி! பந்து போடுவதைத் தவிர ஒன்றும் தெரியாத பாண்டி. பேட்டைப் பிடித்த தினுசைப் பார்த்தால் களை வெட்டப் போகிறவன் மாதிரி இருந்தது. முதல் பந்திலேயே ஸ்டம்ப் பறந்தது. கடைசியில் வந்தவர்கள் எப்படியோ தட்டி இழுத்து ஜெயிக்க வைத்தார்கள்.

அடுத்த மேட்சில் நாலாவதாகக் கீப்பர் ஜெரோம். அவனும் வந்த வேகத்தில் திரும்பினான். அரையிறுதியில் டீக்கடை ராசு அண்ணன்! அவருக்குக் குனிந்தால் நிமிரவே செத்த நேரம் ஆகும், அவரைப் போய் நாலாவதாக. ஓபனிங் வழக்கப்படி, ஒன் டவுன் வழக்கப்படி, கடைசி ஓவர் போடுகிறவன்கூட நீ வைத்த அதே ஆள். எல்லாம் ஒழுங்காக இருக்க, உன் இடத்தில் மட்டும் மேட்சுக்கு ஒரு சோப்ளாங்கி. இது தற்செயலா? நீயாக இருந்தால் நம்பியிருப்பாயா?

ஓரத்தில் ஒருத்தன் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு திரிந்தான். இர்ஃபான். காதர் அண்ணனின் மச்சினன், தோல் கம்பெனியில் வேலை பார்க்கிறவன், நம்ம டீமில் இருக்கும் ஒரே இடக்கைக்காரன். மேட்ச் தொடங்கும் முன்னால் சும்மா தட்டிக்கொண்டிருந்தவனைப் பார்த்தேன். பேட்டில் பட்ட சத்தமே வேறாக இருந்தது. இவனை வெளியே நிறுத்திவிட்டுப் பாண்டியையும் ராசு அண்ணனையும் இறக்கினால் அதற்கு என்ன அர்த்தம்?

எனக்கு ஒரே அர்த்தம்தான் தோன்றியது. இறுதிப் போட்டி கன்னிவாடி டீமோடு. காதர் அண்ணனின் வாழைக்காய் மண்டிக்குத் தார் வருவது கன்னிவாடியிலிருந்து. அனுப்புகிறவர் அந்த டீம் கேப்டன் முருகேசன். கணக்கு சரியாகப் போயிற்றா? வியாபாரத்துக்காக உன் கோப்பையைத் தூக்கிக் கொடுக்கப் பார்க்கிறார் என்று முடிவு கட்டினேன். உன் மாப்பிள்ளையை மண்டிக்கு உளவு பார்க்க அனுப்பினேன். போனவர் காதர் அண்ணன் வாங்கிக் கொடுத்த பஜ்ஜியைத் தின்றுவிட்டு வந்து, "அம்புட்டு நல்ல மனுசன்டி அவரு," என்றார். அதுவே எனக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. காரியம் இல்லாமல் யார் பஜ்ஜி வாங்கிக் கொடுப்பார்கள்?

இறுதிப் போட்டிக்கு முந்தின நாள் மத்தியானம் நானே மண்டிக்குப் போனேன். காதர் அண்ணன் தார்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"வா தங்கச்சி, உக்காரு. டீ சொல்லவா?"

"டீயெல்லாம் வேணாம்ணே. நாளைக்கு நாலாவதா யாரு?"

அவர் ஒரு தாரைத் திருப்பி வைத்தார். நான் விடவில்லை. "கன்னிவாடிக்காரங்களுக்கு விட்டுக் கொடுக்கப் போறீங்களா? எங்கண்ணன் மொகம் இருக்குற கப்புண்ணே அது."

மனுசர் முகம் கறுத்துவிட்டது. "இம்புட்டுத்தானா நீ என்னையப் புரிஞ்சுக்கிட்டது?" என்றார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "ஒருத்தனும் அந்த எடத்துல எறங்க மாட்டேங்குறான் தங்கச்சி. யாரக் கூப்பிட்டாலும், அண்ணன் எடம்ணே, எனக்கு வேணாம்ங்குறானுங்க. அப்ப மேட்சுக்கு ஒருத்தனா மாத்தி மாத்திப் போவோம், யாருக்கும் அது சொந்தமில்லன்னு பேசிக்கிட்டோம். போறவனுக்குக் கண்ணு கலங்கிருது. பந்து எங்க தெரியும்?"

இருந்தாலும் கேட்க வந்ததைக் கேட்டேன். "அப்ப இர்ஃபானு?"

"அவன் ஒருத்தந்தான் நான் ஆடுறேன்ங்குறான். நாந்தான் போடல."

"ஏன்?"

"போட்டா மொத ஆளா நீதான் சொல்லுவ. மச்சினனுக்கு எடம் பிடிக்கத்தான் காதர் காத்துக்கிட்டு இருந்தான்னு."

நான் சொல்லியிருப்பேன். இதுவரை சொன்னதும் உண்டு. "டீமா இது, மாமியார் வீடா? மச்சினனத் தூக்கிட்டு வாரான் காதரு," என்று நீ சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சொன்னதைத்தான் உன் முப்பதாம் நாள் பூசைக்கு வந்தவர்கள் வரை நான் திருப்பிச் சொல்லியிருக்கிறேன். அது அவர் காதுக்குப் போகாமல் இருக்குமா?

"போடுங்கண்ணே," என்றேன். "யாராச்சும் கேட்டா சேவி தங்கச்சிதான் போடச் சொன்னான்னு சொல்லுங்க."

மறுநாள் உன் பேட்டை எடுத்துக்கொண்டு போனேன். நீ போனதிலிருந்து அது என் பீரோவுக்குள் உன் கைலியில் சுற்றியபடி இருந்தது. டீமில் கேட்டபோதெல்லாம் சாவி காணோம் என்று பொய் சொல்லி வைத்திருந்தேன். யாராவது கொண்டுபோய் விற்றுவிட்டால்?

கன்னிவாடிக்காரர்கள் முதலில் ஆடி நன்றாகவே அடித்துவிட்டார்கள். நம்ம ஆட்டத்தில் இரண்டு விக்கெட் சட்டென்று போயிற்று. இர்ஃபான் மைதானத்துக்குள் போகாமல் நேராக என் குடைக்கு வந்தான்.

"அக்கா, அண்ணன் பேட்ட நான் தொடலாமா? திட்டுவாரா?"

"திட்டத்தான் செய்வான். நீ போய் ஆடு."

முதல் பந்தைத் தடுத்தான். இரண்டாவதையும். பின்னால் யாரோ, "மாமியார் வீட்டு ஆளுடா," என்று சிரித்தார்கள். உன் வசனம் உன்னைவிட நீண்ட ஆயுளோடு இருக்கிறது அண்ணே. அடுத்த பந்து கொஞ்சம் முன்னால் விழுந்தது. இடது பக்கத்திலிருந்து பேட்டை ஒரு வீசு. பந்து கிழக்கே எழும்பிக் கரையைத் தாண்டி முள்ளுக்குள் விழுந்தது.

உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம்ம குளத்தில் ஒரே பக்கத்திலிருந்துதான் பந்து போடுவார்கள், அதனால் கிழக்குக் கரை எப்போதும் ஆடுகிறவனின் வலது கைப் பக்கம். வலக்கைக்காரர்கள் எல்லோரும் மேற்கே இழுப்பார்கள். கூட்டமாக ஃபீல்டரும் அங்கேதான். கிழக்குக் கரை கிட்டத்தில் இருந்தும் அந்தப் பக்கம் இழுத்து சிக்ஸ் அடிக்க ஓர் இடக்கைக்காரன் வேண்டும்; அதுவரை நம்ம டீமில் அப்படி யாரும் ஆடியதில்லை. இர்ஃபான் இன்னொன்று அடித்தான். இன்னொன்று. கூட்டம் எழுந்து நின்றது. நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன், அண்ணே. எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்துவிட்டது.

அன்றைக்கு நீ அப்பளத்தை வைத்து ஃபீல்டிங் காட்டிக்கொண்டிருந்தாய். வெஞ்சனக் கிண்ணத்தின் பக்கம் ஒரு துண்டும் வைக்கவில்லை. "ஒரு எடக்கைக்காரன் மட்டும் இந்தப் பக்கம் சுத்துனான்னு வையி..." என்று ஆரம்பித்தாய். அப்புறம் பாதியில் நிறுத்திவிட்டு, ரசம் ஊத்து என்றாய். நானும் ஊற்றினேன். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

நீ பார்த்திருக்கிறாய். அவன் என்ன செய்வான் என்று நம்ம டீமில் முதலில் பார்த்தவன் நீதான். பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் கேனைத் தூக்க வைத்தாய். இதுதான் அண்ணே என் கேள்வி. காதர் அண்ணன் மச்சினன் என்பதற்காகவா வெளியே நிறுத்தினாய்? இல்லை, அவன் உள்ளே வந்தால் நாலாம் நம்பர் உனக்கு இல்லை என்பதற்காகவா?

பதில் வராது என்று தெரியும். நீ உயிரோடு இருந்தாலும் ரசம்தான் கேட்டிருப்பாய். எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. உனக்கு அந்த இடம் அவ்வளவு பிடித்திருந்தது என்பதை நினைத்தால் கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை.

மேட்ச் என்ன ஆயிற்று என்று தவிப்பாய். தோற்றோம். கடைசிப் பந்தில் ஒரு ஃபோர் வேண்டியிருந்தது. இர்ஃபான் எதிர்ப்பக்கம் நிற்க, பேட் இருந்தது பாண்டி கையில். அப்புறம் என்ன, ஸ்டம்ப்தான். அதற்கு முந்தின பந்து வைடு என்பது என் கட்சி. அம்பயருக்குக் கன்னிவாடியில் சொந்தம் உண்டா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

பரிசு கொடுத்து முடிந்ததும் முருகேசன் கோப்பையோடு என்னிடம் வந்தார். "அக்கா, இது ஒங்க அண்ணன் மொகம். நாங்க கொண்டு போறது நல்லா இருக்காது. ஒங்க வீட்லயே இருக்கட்டும்," என்றார். எனக்கு மனசு உருகிவிட்டது. கையை நீட்டினேன். அதற்குள் அவர் பார்வை என்னைத் தாண்டிப் போயிற்று. "அந்த எடக்கைத் தம்பி எங்க வேல பாக்குறாப்ல? நம்ம பக்கம் ஒரு டோர்னமென்டுக்கு வருவாப்லயா?"

நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

"கப்பக் கொண்டு போங்கண்ணே. ஜெயிச்சவங்க சொத்து அது. தம்பி வரமாட்டாப்ல. அவருதான் எங்க நாலாம் நம்பரு."

அவர் சிரித்துக்கொண்டே கோப்பையை எடுத்துப் போனார். உன் முகம் வேனில் ஏறிக் கன்னிவாடிக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இர்ஃபான் பேட்டைத் துடைத்துத் திருப்பிக் கொடுக்க வந்தான். வீட்டுக்குக் கொண்டு போ என்று சொல்லிவிட்டேன். காலியான கைலியை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

மாதா படத்துக்குக் கீழே இடம் அப்படியேதான் இருக்கிறது. அடுத்த வருடம் அந்தக் கோப்பையைக் கொண்டுவந்து வைப்போம், இது சத்தியம். அதுவரை ஒரு மேட்ச் விடாமல் போவேன், காதர் அண்ணன் லைன் அப் சொல்லும்போது பக்கத்திலேயே நிற்பேன், இர்ஃபானிடம் யார் யார் வந்து பேசுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். உன் இடத்தை இனி யாரும் காலியாக வைக்க விடமாட்டேன். நீயே வந்து கேட்டாலும் அது அவன் இடம் அண்ணே.

ரசம் ஊற்றிக் கொடுத்து ஏமாந்த,
உன் தங்கச்சி அமலி