பரவாயில்லை என்று எழுதிய கை

அன்புள்ள கொசுவுக்கு,

நலம்தானே? பதவி, பட்டம் போட்டு எழுதத் தெம்பில்லை. விடுதியில் வைத்த பெயரிலேயே கூப்பிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

நாம் வடிவமைத்த சிப் தொழிற்சாலையிலிருந்து வந்துவிட்டது. பெட்டியைப் பிரித்தபோது ஆய்வகமே கைதட்டியது. இருபது நிமிடம் ஜோராக ஓடி, சூடேறியதும் நினைவகத்தில் இருந்த அத்தனையையும் தொலைத்துவிட்டது. நீ சொன்ன அதே இடம். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் டீ குடிக்கப் போய்விட்டேன். அழுகையும் இல்லை, ஆத்திரமும் இல்லை. நேற்று சாப்பாட்டில் உப்பே இல்லையாம், மகள் சொல்லித்தான் தெரிந்தது.

நம் வழக்கம் உனக்குத் தெரியும். வடிவமைப்பைத் தொழிற்சாலைக்கு அனுப்பும் முன், மிச்சமிருக்கும் பிழை ஒவ்வொன்றுக்கும் நேரே அணித் தலைவரான நான் 'திருத்து' என்றோ 'பரவாயில்லை' என்றோ எழுத வேண்டும். நீ கண்டுபிடித்த பிழைக்கு நேரே பரவாயில்லை என்று எழுதினேன். தேதி தள்ளிப்போனால் துணைத் தலைவர் பதவி கைநழுவுமே என்ற பயம். உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. பக்கத்திலேயே, 'சோதித்தவரும் சம்மதித்தார்' என்று சேர்த்துவிட்டேன். சோதித்தவன் நீ. நீ விடாமல் மெயில் அனுப்பியபோது, "காதுக்குள்ள வந்து ரீங்காரம் போடாதடா" என்று கத்தினேன். அந்த மெயில்கள் எல்லாவற்றையும் அழித்தேன். நீயும் வேலையை விட்டுப் போனாய்.

இப்போது விசாரணைக்குழு தன் அறிக்கையில் தவறுக்குப் பொறுப்பு என்று உன் பெயரை எழுதிவிட்டது. மாதக் கடைசியில் அந்த அறிக்கை உன் புது அலுவலகத்துக்கும் போகும். நான் உண்மையைச் சொன்னேன். குழுத் தலைவர் என் தோளைத் தட்டி, "நண்பரைக் காப்பாத்தப் பாக்குறீங்க, புரியுது சார். ஆதாரம் இருக்கா?" என்றார். மனிதர் என்னைப் பெரிய தியாகி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்! வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "அவருக்குக் கெட்ட பேரு, உங்களுக்கு நல்ல பேரா? நல்லா இருக்குங்க உங்க நியாயம்" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போய்விட்டாள்.

நீ எதையும் அச்செடுத்துக் கோப்பில் வைக்கிறவன். அந்த மெயில்கள் உன்னிடம் இருக்கும். குழுவின் முகவரியை இத்துடன் வைத்திருக்கிறேன், உடனே அனுப்பிவிடு. எனக்கு வேலை போனால் என் மகளின் படிப்பு என்னாகும் என்று தயங்குவாய், உன்னைத் தெரியாதா எனக்கு? தயங்காதே. அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "மாமாவுக்கு நீங்க எழுதுறீங்களா, நான் எழுதட்டுமா?" என்று கேட்டாள்.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அப்பா யார் என்று கேட்டால் அவர்கள் தலைநிமிர்ந்து சொல்லட்டும்.

இப்படிக்கு,
உன் நண்பன் என்று எழுதலாமா என்று நீதான் சொல்ல வேண்டும்.