பெல்ட்டைக் கழற்றிய அப்பாவுக்கு

யார் கூப்பிட்டாலும் பதறியடித்து எழுந்து நிற்கும் என் செல்ல அப்பா,

விசாரணை முடிந்துவிட்டது. விமானத்தில் கோளாறு இல்லை, ஓட்டியவர்கள் மேல் தப்பில்லை, பெல்ட் போடச் சொல்லும் விளக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தது என்று சொல்லிவிட்டார்கள். மிச்சம் இருப்பது நீங்கள் ஒருவர்தான்.

வேலம்பாளையத்தில் நம் பனியன் கம்பெனி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. உங்கள் காரியம் முடிவதற்குள் சித்தப்பா உங்கள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார். யாரும் உங்களைத் தேடவில்லை.

காங்கேயத்து எண்ணெய் மில்காரர் மகனுக்கு என்னைப் பேசி முடித்தீர்களே, நினைவிருக்கிறதா? மாப்பிள்ளை நல்லவர்தான். அவர் அப்பா வாயைத் திறக்கும்வரை தமக்கென்று ஒரு கருத்து வைத்துக்கொள்ளாத நல்லவர். கல்யாணத்துக்கு அப்புறம் பெண் விமானம் ஓட்டக் கூடாது என்று அந்த அப்பா சொன்னார். நீங்கள் மறுத்துப் பேசவில்லை. உங்களுக்கு அது வராது. அதற்குப் பதிலாக, நான் துணை விமானியாகப் போகும் கோவை மும்பை விமானத்தில் அவர்கள் குடும்பத்துக்கும் உங்கள் இருவருக்கும் டிக்கெட் எடுத்தீர்கள்.

"ஒருக்கா நீ ஓட்டறதப் பாத்துட்டாங்கன்னா மனசு மாறீரும் கண்ணு" என்றீர்கள். எப்படிப் பார்ப்பார்கள் அப்பா? விமானி அறைக் கதவைத்தான் சாத்தியிருப்போமே.

அன்று பாலக்காட்டுப் பக்கமிருந்து மழைமேகம் திரண்டு வந்தது. கிளம்பியதும் ஏழாயிரம் அடிக்கு மேல் ஏறாமல் நிற்கச் சொன்னது தரையிலிருந்த கன்ட்ரோல். எங்களுக்கு மேலே இன்னொரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த உயரத்தைத் தொட்டோமோ இல்லையோ, கீழிருந்து காற்று எங்களைத் தூக்கியது. எச்சரிக்கை மணி அடித்தது. நிற்கச் சொன்ன இடத்தைத் தாண்டிச் சில நூறு அடி மேலே போய்விட்டோம். பயந்துபோய் விமானத்தின் மூக்கைக் கீழே அழுத்தினால், காற்று விட்டதும் இன்னும் மோசமாக விழும். "உயரத்தைத் துரத்தாதே, மூக்கை மட்டும் நிலையாப் பிடி" என்றார் கேப்டன். பிடித்தேன். எங்களால் அந்த உயரத்தில் நிற்க முடியவில்லை என்று அவர் கன்ட்ரோலுக்குச் சொல்ல, மேலே வந்த விமானத்தை விலக்கினார்கள். அதற்குள் காற்று எங்களைக் கைவிட்டது. பொத்தென்று இறங்கினோம். அப்போதும் பிடித்தேன். அத்தனை அழகாக நான் என்றைக்கும் ஓட்டியதில்லை.

பின்னால் நடந்ததை அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். காற்று விமானத்தைக் குலுக்கித் தூக்கும்போது பின்வரிசையிலிருந்து மில்காரர் குரல் கொடுத்தாராம். "ஏனுங்க சம்பந்தி, இதுதானுங்களா உங்க புள்ள ஓட்டற லட்சணம்?"

நீங்கள் பெல்ட்டைக் கழற்றினீர்கள். அம்மா சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்கோருங்க, லைட்டு எரியுதுங்க."

"சம்பந்தி கேக்கறாரு. உக்காந்துட்டேவா பதில் சொல்றது?"

பெண்ணைப் பெற்றவராயிற்றே! எழுந்து, பின்னால் திரும்பி, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். வாயைத் திறந்தபோது விமானம் விழுந்தது. கூரை உங்கள் கழுத்தை முறித்தது. என்ன பதில் சொல்ல வந்தீர்கள் அப்பா? எனக்காகப் பேச வந்தீர்களா, என் சார்பில் மன்னிப்புக் கேட்க வந்தீர்களா?

பணிப்பெண் உள்போனில் கேப்டனிடம் ஏதோ சொன்னாள். "ஒரு பயணிக்கு அடிபட்டிருக்கு, திரும்பறோம்" என்றவர் ஓட்டுவதைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டார். என்னை நம்பவில்லை போலிருக்கிறது என்று தரையிறங்கும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். விமானம் நின்ற பிறகுதான் அடிபட்டது யார் என்று சொன்னார்.

துக்கம் கேட்க வந்த பல்லடத்து மாமா என் தலையைத் தடவி, "குழி வந்தா பஸ்ஸுக்காரனே ஒடிச்சு ஓட்டறான். நீ கொஞ்சம் பாத்து ஓட்டியிருக்கலாமில்ல கண்ணு?" என்று கேட்டார். மில்காரர் துக்க வீட்டு முன்வரிசை நாற்காலியில் சாய்ந்துகொண்டு, விமானத்தில் தமக்குத் துளியும் பயமில்லை என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் யாரையும் அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

போன வாரம் மில்காரர் நம் வீட்டுக்கு வந்தார். என்னைப் பாராட்டிப் பேப்பரில் போட்டுவிட்டார்களே, வராமல் இருப்பாரா? "அத்தன உசுரக் காப்பாத்துன புள்ளைங்க. கல்யாணத்துக்கு அப்பறமும் தாராளமா ஓட்டட்டும். எங்களுக்குப் பெருமதானுங்க."

நீங்கள் ஆசைப்பட்டது அப்படியே நடந்தது. அம்மாவுக்கு வாயெல்லாம் பல். நான் இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். உங்களைக் கூப்பிட்டுக் கொன்ற வாய் கொடுக்கும் அனுமதி எனக்கு எதற்கு? காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

அம்மா குமுறிவிட்டாள். "உங்கப்பா உசுர விட்டு வாங்கிக் குடுத்ததை ஒரு வார்த்தைல கெடுத்துட்டியே! அப்பறம் அந்த மனுசன் எதுக்குத்தான் செத்தாரு?"

"எதுக்காகவும் இல்லீங்கம்மா. சும்மா செத்தாரு."

அன்றிலிருந்து என்னோடு பேச்சுவார்த்தை இல்லை. ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால் அவளுக்குத் தூக்கமாவது வந்திருக்கும். எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த வாரம் வேலைக்குத் திரும்புகிறேன். இனி என்னை யாரும் இறக்க முடியாது. உங்களுக்கும் ஒரு வாக்குத் தருகிறேன் அப்பா. ஊர் எவ்வளவு புகழ்ந்தாலும், அம்மா எவ்வளவு அழுதாலும், எங்கப்பா எனக்காக உயிரை விட்டார் என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். நீங்கள் அந்த ஆளுக்காகத்தான் விட்டீர்கள்.

உங்கள் ஒரே மகள்,
பூங்கொடி