கண்ணைக் கேட்காத லைசென்ஸ்

அகஸ்டா, மொன்டானா
21 செப்டம்பர் 1986

என் செல்லக் காரினுக்கு,

அம்மா நலம். உன் அப்பாவும் நலம் என்றுதான் சொல்கிறார். மைல்ஸ் சிட்டியில் உனக்குக் கொடுத்திருக்கும் வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரிகிறதா? போனதிலிருந்து ஒரே ஒரு கடிதம். அதிலும் பாதிக்குக் காட்டுக்கோழி வேட்டைப் பருவம் தொடங்கிவிட்டது, தூங்க நேரமில்லை என்ற புராணம். வேட்டைக்காரர்களைக் கண்காணிக்கும் வார்டன் வேலை என்றால் அப்படித்தான் என்று ஊராரிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். குறையை உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

இங்கே புல் அறுப்பு முடிந்து கட்டெல்லாம் கொட்டகைக்குள் வந்தாயிற்று. மலை உச்சியில் முதல் பனி.

எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. உன் அப்பாவின் கண். போன வாரம் வண்டியைக் கொண்டுபோய் வாசல் கம்பத்தில் மோதிவிட்டு, வெயில் கூசியது என்றார். அன்றைக்கு வானம் முழுக்க மேகம். காபியைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றுகிறார். செய்தித்தாளை விரித்துவைத்துக்கொண்டு பக்கம் திருப்பாமலே உட்கார்ந்திருக்கிறார்.

நேற்று இரும்புக்கடையில் வேட்டை லைசென்ஸும் எல்க் மானைச் சுட்டால் அதன்மேல் கட்டும் டேக்கும் வாங்கினார். கடைக்காரி பெயர், முகவரி, உயரம், எடை எல்லாம் கேட்டாள். கண் நிறம் நீலம் என்று எழுதிக்கொண்டாள். அந்தக் கண் தெரிகிறதா என்று மட்டும் கேட்கவில்லை.

இந்த மாதிரி ஆளுக்கு லைசென்ஸ் தரக் கூடாது என்று உங்கள் இலாகாவில் ஏதாவது சட்டம் இருக்குமே, பார்த்துச் சொல். போன் பண்ணாதே. போன் சமையலறையில்தான் இருக்கிறது. அவர் காதுக்கு ஒரு குறையும் இல்லை.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா


மைல்ஸ் சிட்டி
5 அக்டோபர் 1986

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. எங்கள் விதிப் புத்தகத்தை ஒரு வரி விடாமல் மறுபடி படித்தேன். மார்பிலும் முதுகிலும் ஆரஞ்சு நிறம் போட வேண்டும். சூரியன் உதிப்பதற்கு அரை மணி முன்பிலிருந்து மறைந்து அரை மணி வரைக்கும்தான் சுடலாம். சாலையில் நின்று சுடக் கூடாது. சின்னப் பிள்ளைகள் பயிற்சி முடித்துச் சான்றிதழ் காட்ட வேண்டும். வாத்துக்கு ஒரு பருவம், கரடிக்கு ஒரு பருவம், ஆணுக்கு ஒன்று, பெட்டைக்கு ஒன்று. வயதானவரின் கண்ணைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சட்டம் கேட்பதே இல்லை அம்மா.

கிரேட் ஃபால்ஸில் கண் டாக்டரிடம் அவரை எப்படியாவது கூட்டிப் போங்கள். துப்பாக்கியை ஒளித்துவைக்காதீர்கள்; கடன் வாங்கிக்கொண்டு போவார்.

இன்னொன்று. நான் உங்கள் மகள்தான், ஆனால் பேட்ஜும் போட்டிருக்கிறேன். ஏதாவது தப்பு நடந்தால் எனக்கு எழுதாதீர்கள். படித்துவிட்டால் படிக்காததுபோல என்னால் இருக்க முடியாது.

அன்புடன்,
காரின்


அகஸ்டா
19 அக்டோபர் 1986

என் கண்ணுக்கு,

டாக்டர் பேச்சை எடுத்தேன். நீ அங்கே இருந்திருக்க வேண்டும்.

"கண்ணு எனக்கு நல்லாத்தான் இருக்கு, ஹில்மா. உன் காபிதான் வெளுத்துப்போயிருக்கு. அதான் கோப்பை எது, மேஜை எதுன்னு தெரியல."

"ஒரு தடவ காட்டிட்டு வந்துடலாமே."

"எதுக்கு? அவன் ஒரு எழுத்த காட்டி என்னன்னு கேப்பான். நான் படிச்சதே அஞ்சாவது."

சிரித்துவிட்டேன். சிரித்ததும் அவர் ஜெயித்துவிட்டார்.

பக்கத்துப் பண்ணை வெண்டலிடம் போய், பருவம் தொடங்கும் ஞாயிற்றுக்கிழமை இவரைத் தனியே விடாதே என்று கேட்டுக்கொண்டேன். "ஆர்வில் கூடப் போகணும்னா மான் இல்ல, நான்தான்னு தெரிய வழி முழுக்கப் பாட்டுப் பாடிக்கிட்டே போகணும் போலிருக்கே" என்றார் வெண்டல். வேடிக்கையாகத்தான் சொன்னார். முகத்தில் வேடிக்கை இல்லை. ஆனாலும் வருகிறேன் என்றார்.

ஆண்டுதோறும் இந்த ஞாயிறு வருகிறது. இந்த ஆண்டுதான் அது வராமலே போகட்டும் என்று இருக்கிறது.

அம்மா


அகஸ்டா
27 அக்டோபர் 1986

அன்புள்ள காரின்,

நேற்று பருவம் தொடங்கியது. மதியத்துக்கு முன்பே அப்பா வீட்டுக்கு வந்து, "ஒரு ஸ்பைக் விழுந்துடுச்சு, குதிரையக் கொண்டா" என்றார். ஸ்பைக் என்றால் இளம் ஆண், குச்சிக் கொம்பு. முகத்தில் அத்தனை சந்தோஷம். நானும் குதிரையோடு போனேன்.

அது பெட்டை.

இந்த வட்டாரத்தில் இந்த ஆண்டு கொம்புள்ள ஆணை மட்டும்தான் சுடலாம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெட்டைக்குக் குலுக்கலில் அனுமதி விழ வேண்டும், அவருக்கு விழவில்லை. அவர் மண்டியிட்டு அதன் தலையைத் தடவிப் பார்த்தார், காரின். உள்ளங்கையால் மறுபடி மறுபடி தடவினார். பிறகு, "கொம்பு ஒடைஞ்சு எங்கயோ விழுந்திருக்கு" என்றார். டேக்கைக் கட்டி, துண்டு போட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்து தொங்கவிட்டோம்.

அவர் குளிக்கப் போன நேரத்தில் வெண்டல் கொட்டகைக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"எல்க்க விரட்டிவிடலாம்னு நான் அந்தப் பக்கம் சுத்திக்கிட்டு மேட்டுக்குப் போனேன். அவர் ரெண்டாவது தடவ சுட்டாரு. குண்டு என் காதோரமாப் போச்சு, ஹில்மா. பின்னாடி மரத்துல பட்டை தெறிச்சுது."

"அவர்கிட்ட சொன்னியா?"

"எப்படிச் சொல்றது? என் கல்யாணத்துல மாப்பிள்ளைத் தோழனே அவர்தான்."

இரவுச் சாப்பாட்டில் அப்பா கதை சொன்னார். "மேட்டு மேல ஒரே ஒரு ஆஸ்பென் மரம், இன்னும் இலை உதிராம பளிச்சுனு ஆரஞ்சுல நின்னுது. அத அடையாளம் வெச்சுத்தான் குறி பாத்தேன்." அந்த மேட்டில் ஆஸ்பென் கிடையாது. எல்லாம் பைன். வெண்டல் போட்டிருந்த ஆரஞ்சுச் சட்டையை அவர் மரம் என்று நினைத்திருக்கிறார்.

எழுதாதே என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. தெரிந்தேதான் எழுதுகிறேன். மகளுக்குத்தான் எழுதத் தொடங்கினேன். முடிக்கும்போது யாருக்கு எழுதியிருக்கிறேன் என்று நீயே தீர்மானித்துக்கொள்.

ஹில்மா ஸ்லெட்டன்


மைல்ஸ் சிட்டி
30 அக்டோபர் 1986

அம்மா,

கடிதத்தின் அடியில் உங்கள் முழுப் பெயரைப் பார்த்ததும் மறுபடி முதல் வரியிலிருந்து படித்தேன். இன்று நாள் முழுக்க ஆன்டிலோப் மான் வேட்டைக்காரர்களின் டேக்கைச் சோதித்தேன். யார் முகமும் மனசில் பதியவில்லை.

அப்பா வழக்கில் நான் கை வைக்கக் கூடாது. உங்கள் பகுதி வார்டன் டீக்கிடம் சொல்லிவிட்டேன். நல்ல மனிதர். வேட்டை உரிமையை நிறுத்திவைப்பார்கள். எத்தனை காலம் என்பது நீதிபதி கையில். நீங்கள் செப்டம்பரில் கேட்டது, இப்படித்தான் கிடைக்கிறது.

ஒன்று கேட்கிறேன், மறுக்காதீர்கள். நான்தான் காட்டிக்கொடுத்தேன் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். இறைச்சி வந்திருக்கிறது என்று நீங்கள் சாதாரணமாக எழுதினீர்கள், நான் மோப்பம் பிடித்துவிட்டேன். அப்படியே இருக்கட்டும். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு மாநிலமே கிடக்கிறது. நீங்கள் ஒரே வீட்டில் இருக்க வேண்டியவர்கள்.

காரின்


அகஸ்டா
9 நவம்பர் 1986

என் மகளே,

எல்லாம் நடந்து முடிந்தது. டீக் வந்தார், காபி குடித்தார், கொட்டகைக்குப் போனார்.

"என்ன சுட்டீங்க, ஆர்வில்?"

"ஸ்பைக்."

"கொம்பு எங்க?"

"நீதான் பாக்குறியே. நீயே சொல்லு."

டீக் எழுதிக்கொண்டார். இறைச்சியை முதியோர் இல்லத்துச் சமையலறைக்குக் கொண்டுபோனார்கள். நீதிபதி இரண்டு ஆண்டு நிறுத்திவைத்தார். பார்வை பற்றி அங்கேயும் யாரும் பேசவில்லை.

நீ சொன்னபடியே சொன்னேன். அதிலிருந்து உன் பெயரை அவர் எடுப்பதில்லை. "மானுக்காகச் சம்பளம் வாங்குறவ, மனுஷனுக்கு எப்படி மகளா இருப்பா?" என்று ஒரே ஒரு முறை சொன்னார். மாதக் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு நீ வந்தால் கொட்டகையில் சாப்பிட்டுக்கொள்வாராம். நான் உரித்துக்கொண்டிருந்த உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை. என் வாயில் மண் விழ.

கேள், இன்னும் முடியவில்லை. நேற்று துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். "உரிமைதான் இல்லையே" என்றேன். "எல்க்குக்கு இல்ல. கயோட்டி நரிக்கு லைசென்ஸும் வேணாம், பருவமும் கெடையாது. அடுத்த வாரம் வெண்டலோட ஒரு நடை போய்ட்டு வரேன்" என்றார். அது உண்மையா?

அம்மா


மைல்ஸ் சிட்டி
12 நவம்பர் 1986

அம்மா,

உண்மை. கயோட்டி நரியை ஆண்டு முழுக்க யார் வேண்டுமானாலும் சுடலாம். அவரைத் தடுக்க என்னிடம் ஒரு விதியும் இல்லை. இனிமேல் சட்டத்தைக் கேட்டுப் பயனில்லை.

அந்த ஆரஞ்சு நிறம் என்ன என்று அவருக்குச் சொல்லியே ஆக வேண்டும். அவர் கெட்டவர் இல்லை, அம்மா, தெரியாதவர். வெண்டலைச் சொல்லச் சொல்லுங்கள். வார்டனுக்கோ நீதிபதிக்கோ பயப்படாதவர் அதற்குப் பயப்படுவார். ஆனால் கடிதம் எழுதியது யார் என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். அந்தக் கோபத்தை நான் வைத்துக்கொள்கிறேன்.

இந்த வாரம் போன் மணி அடித்தாலே எடுக்கப் பயமாக இருக்கிறது. நடந்ததை உடனே எழுதுங்கள்.

காரின்


அகஸ்டா
17 நவம்பர் 1986

என் காரின்,

யாருக்கும் அடிபடவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நேற்று தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில் மீன் விருந்து. வெண்டலும் நாங்களும் ஒரே மேஜை. அப்பா மேஜை முழுக்கக் கேட்கிறமாதிரி சொன்னார்: "எல்லாருக்கும் வீட்டுக்கு வெளியிலதான் வார்டன். எனக்கு வீட்டுக்குள்ளயே ஒருத்திய வளத்து வெச்சிருந்தேன். பெத்தவனையே புடிச்சுக் குடுத்துட்டா."

நாலு பேர் சிரித்தார்கள். நான் எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று எனக்குத் தெரியாது, உட்கார்ந்துகொண்டே சொல்லியிருக்கலாம்.

"அவ இல்ல, ஆர்வில். நான். நான்தான் எழுதினேன்."

அவர் என் குரல் வந்த பக்கமாக முகத்தைத் திருப்பினார்.

"அந்த மேட்டுல ஆஸ்பென் ஏது? நீங்க பாத்த ஆரஞ்சு, வெண்டலோட சட்டை."

வெண்டல் தட்டைப் பார்த்துக்கொண்டே, "காதோரமாத்தான் போச்சு, ஆர்வில். ஒண்ணும் ஆகல" என்றார்.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா உனக்குத் தாங்காதுன்னு."

அப்பா கையை நீட்டி வெண்டலின் தோளைத் தேடினார். முதலில் நாற்காலிமேல் பட்டது, பிறகு தோள்மேல். அப்படியே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, மேஜை விளிம்பைத் தொட்டுத் தொட்டு வெளியே போனார். நான் கோட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். கயோட்டிக்கென்று எடுத்துவைத்த துப்பாக்கி வண்டியில்தான் இருந்தது. என் உயிர் என்னிடம் இல்லை.

வண்டியில் உட்கார்ந்திருந்தார். ஓட்டுகிற பக்கம் இல்லை, மறுபக்கம். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்ததில்லை. நான் ஓட்டினேன். வீடு வந்ததும் துப்பாக்கியை என் மடியில் வைத்தார். "வெண்டல் வீட்டுல குடுத்துடு. இங்க இருக்க வேணாம்."

காலையில் உன்னைப் பற்றிக் கேட்டார். அங்கே குளிர் எப்படி, வண்டிச் சக்கரத்துக்குச் சங்கிலி வைத்திருக்கிறாயா என்று. உன்மேல் அவருக்கு ஒன்றும் இல்லை. அதைக் கேட்டதோடு என்னிடம் பேச்சு நின்றுவிட்டது. உப்பு வேண்டும் என்றால்கூட உப்பு ஜாடியைத் தேடித் தடவுகிறாரே தவிர, வாய் திறந்து கேட்பதில்லை. எட்டி எடுத்துக் கையில் வைக்கிறேன். வாங்கிக்கொள்கிறார். இத்தனை நாள் நீ சுமந்ததை நான் சுமக்கிறேன். கனமாக இருக்கிறது, ஆனால் இது என்னுடையது.

தேங்க்ஸ்கிவிங்குக்கு வந்துவிடு. லீவு இல்லை என்று எழுதாதே. சாப்பாட்டு மேஜையில் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார ஓர் ஆள் வேண்டும்.

வழி பார்த்திருக்கும்,
அம்மா